சின்னப் பிள்ளைகளோடு பாசிக்குடா: எங்கே தங்குவது, எப்போது கடலில் இறங்குவது, எதை விடுவது

தங்கச்சி, நீங்கள் கேட்டதை நான் விளங்கிக்கொண்டது இப்படி. ஆகஸ்ட் விடுமுறைக்கு லண்டனிலிருந்து வருகிறீர்கள். மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு ஒன்றரை. மாமியும் கூட வருகிறார். கொழும்பில் இரண்டு நாள் நின்றுவிட்டு, அடுத்த ஏழு நாளில் நிலாவெளி, புறாத்தீவு, பாசிக்குடா, மட்டக்களப்பு டவுன், அறுகம்பே எல்லாவற்றையும் பார்த்து, மலைநாட்டு ஊரான எல்ல வழியாகத் திரும்ப யோசித்திருக்கிறீர்கள். மகன் படகில் ஏறி ஒரு தீவுக்குப் போகவேண்டும் என்று நிற்கிறான். உங்கள் கணவருக்கு அறுகம்பேயில் அலைச்சறுக்கல் ஆசை. இது பிள்ளைகளுக்குச் சரிவருமா என்று கேட்கிறீர்கள்.

சரிவராது. இடங்களில் ஒரு குறையும் இல்லை, வான் வண்டி ஓட்டம்தான் பிரச்சினை. வரைபடத்தில் எல்லாம் ஒரே கடற்கரையில் அடுத்தடுத்து இருக்கிற மாதிரித்தான் தெரியும். ஆனால் நிலாவெளியிலிருந்து பாசிக்குடா வரவே ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் போய்விடும். மட்டக்களப்பிலிருந்து அறுகம்பே நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து எல்ல ஊடாகக் கொழும்பு என்றால் ஒரு முழுப்பகலும் வானுக்குள்தான். ஒன்றரை வயதுப் பிள்ளை ஒரு கிழமைக்குள் நாலு இடத்தில் படுத்தெழும்ப வேண்டிவரும். மூன்றாம் நாளே அவள் உங்களிடம் கணக்குத் தீர்ப்பாள்.

ஒரே கடலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள் என்பதுதான் என் யோசனை. அது பாசிக்குடா. வருகிற வழியில் ஓரிரவு, பாசிக்குடாவில் நாலிரவு, மட்டக்களப்பில் ஓரிரவு. புறாத்தீவையும் அறுகம்பேயையும் பிள்ளைகளோடு இந்த முறை விட்டுவிடலாம். நான் கல்லடியில் பிறந்து வளர்ந்தவள், சிறுவர் வாட்டில் கனகாலம் தாதியாக வேலை செய்தவள். ஆகவே சில இடங்களில் ஊர்க்காரியாகவும் சில இடங்களில் நர்ஸம்மாவாகவும் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாசிக்குடாவைச் சொல்வதற்குக் காரணம் அந்தக் குடாவின் அமைப்பு. கரை பிறை மாதிரி வளைந்திருக்கும். வெளியே முருகைக்கல் (பவளப்பாறை) பார் ஒன்று கடல் அலையை உடைத்துவிடுகிறது. அதனால் உள்ளே வருகிற தண்ணீர் அடங்கியிருக்கும். தரையும் திடீரென்று பள்ளமாகாது, மெதுவாகத்தான் இறங்கும். பெரிய ஆள் ஒருவர் கனதூரம் நடந்துபோனாலும் இடுப்பளவு தண்ணீரில்தான் நிற்பார். ஐந்து வயதுப் பிள்ளை கரையோரம் உட்கார்ந்து கையால் அளைந்து விளையாடலாம், அலை வந்து உருட்டாது. இலங்கையைச் சுற்றிக் கடல் வற்றிப் பெருகுவது ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே காலையில் பார்த்த கரை பின்னேரமும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கும்.

பக்கத்திலேயே கல்குடா இருக்கிறது. நீளமான, சனம் குறைந்த, பார்க்க மிக வடிவான கரை. அங்கே பிள்ளைகளை நடக்க விடுங்கள், சிப்பி பொறுக்க விடுங்கள், ஆனால் குளிக்க விடவேண்டாம். அது திறந்த கடல். எங்கள் கல்லடிக் கரையும் அப்படித்தான். மணல் சரிந்து இறங்கும், காலடியில் இழுவை இருக்கும். ஊர்ப் பொடியன்களே அங்கே இறங்க யோசிப்பார்கள். கிழக்குக் கடல் முழுக்க ஆழம் குறைந்தது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பாசிக்குடா ஒரு விதிவிலக்கு, அவ்வளவுதான்.

அந்த அடங்கின தண்ணீரிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதைப் பலர் சொல்வதில்லை. ஆகஸ்டில் எங்கள் பக்கம் கச்சான் காற்று வீசும். தென்மேற்கிலிருந்து, மலைகளைத் தாண்டி ஈரம் வற்றி வருகிற சூடான காற்று. அது தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். அதே காற்றுத்தான் காற்றடைத்த ரியூப், வாத்து, மெத்தை எல்லாவற்றையும் சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோகும். பிள்ளை அதில் படுத்திருக்கும், நீங்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பீர்கள், இருபது முப்பது மீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஆகவே காற்றடைத்த சாமான் ஒன்றும் வேண்டாம். நெஞ்சோடு கட்டுகிற நல்ல உயிர்காப்பு அங்கி இரண்டை லண்டனிலேயே பிள்ளைகளின் நிறைக்கு ஏற்றபடி வாங்கி வாருங்கள். இங்கே படகுக்காரர்களிடம் இருப்பவை அநேகமாகப் பெரியவர்களுக்கானவை. மகளுக்கு அதைப் போட்டால் தலைவழியாகக் கழன்றுவிடும். அங்கி போட்டிருந்தாலும் ஒரு பெரியவர் கையெட்டும் தூரத்தில் நிற்கவேண்டும், கையில் போன் இல்லாமல்.

பார் இருக்கிற பக்கம் போனால் முருகைக்கல் காலைக் கிழிக்கும். கரையிலும் உடைந்த துண்டுகள் கிடக்கும். இரண்டு பிள்ளைகளுக்கும் ரப்பர் அடியுள்ள நீர்ச்சப்பாத்து போட்டுவிடுங்கள். கீறினால் நல்ல தண்ணீரில் வடிவாகக் கழுவி மருந்து போடுங்கள், மறுநாளும் பாருங்கள். முருகைக்கல் கீறல் சின்னதாகத் தெரியும், ஆனால் சீழ் வைக்கிறதில் கெட்டிக்காரத்தனம் உள்ளது. சொறிமுட்டை (ஜெலிமீன்) கரையில் ஒதுங்கிக் கிடந்தால் செத்துவிட்டது என்று நினைத்து மகனைத் தொட விடாதீர்கள். கரையில் கிடப்பதும் கடிக்கும்.

இனி நேரம். விடிய எழும்பிக் கடலுக்குப் போங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உங்கள் விடயத்தில் அது முதல் சில நாள் நடக்காது. கோடையில் லண்டனுக்கும் எங்களுக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம். அங்கே காலை ஏழு மணி என்றால் இங்கே பதினொன்றரை. வந்த புதிதில் பிள்ளைகள் இரவு பதினொரு மணிக்கும் கண்ணை உருட்டிக்கொண்டு இருப்பார்கள், காலையில் பத்து மணிக்கும் எழும்பமாட்டார்கள். அவர்களை அடித்து எழுப்பி வெயிலுக்குள் கொண்டுபோவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. பின்னேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கரையில் பின்னேரத்துக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. சூரியன் எழும்புவது கடலில், விழுவது தரைப்பக்கம். காலையில் வெயில் கடலிலிருந்து நேராக முகத்தில் அடிக்கும், ஒதுங்க நிழல் கிடையாது. நாலு மணிக்குப் பிறகு தென்னைகளின் நிழலும் கட்டடங்களின் நிழலும் மணலில் நீண்டு கடலை நோக்கி வரும். நாலு மணி தொடக்கம் ஆறு மணி வரை நிழலுக்குள் இருந்தே பிள்ளைகள் விளையாடலாம். தண்ணீரும் அந்த நேரம் வெதுவெதுப்பாக இருக்கும். கொழும்பில் நிற்கிற நாட்களோடு சேர்த்து நாலைந்து நாள் போனால் அவர்கள் காலை ஆறரைக்கும் தாமாகவே எழும்புவார்கள். அப்போது ஆறரை முதல் எட்டரை வரை காலைக் கடல். இடையில், ஒன்பதரை தொடக்கம் மூன்றரை வரை, வெளியே வேலை இல்லை. அறை, நீச்சல் குளத்தின் நிழல் மூலை, மத்தியான நித்திரை. ஆகஸ்ட் வெயிலும் கச்சானும் சேர்ந்தால் வளர்ந்தவர்களே துவண்டுபோவோம்.

பாசிக்குடாக் கரை முழுவதும் ஒரே மாதிரி இல்லை. நடுவில் பொதுமக்கள் இறங்குகிற பகுதி, கடைகள், படகுகள். இரண்டு பக்கமும் ஹோட்டல்களுக்கு முன்னால் அமைதியான பகுதி. யுத்தம் 2009இல் முடிந்த பிறகுதான் இந்தப் பெரிய ஹோட்டல்கள் வரிசையாக எழும்பின. சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் நாலா பக்கத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து பொதுப் பகுதியில் இறங்கும். அது ஒரு திருவிழா, பார்க்க நல்ல கலகலப்பு. ஆனால் நீரில் ஓடுகிற மோட்டார் சைக்கிளும் படகும் குளிக்கிறவர்களுக்குக் கிட்டவாக வரும். பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினர் கடமையில் இருப்பதும் அந்தப் பகுதியில்தான், அதையும் சொல்லவேண்டும். என்றாலும் ஒன்றரை வயதுக்காரியோடு வருகிற நீங்கள் ஞாயிறு தொடங்கி வியாழன் வரை பாசிக்குடாவில் நிற்கிற மாதிரித் திகதி போடுங்கள். விலையும் கொஞ்சம் இறங்கும்.

கண்ணாடி அடித்தளப் படகு பொதுப் பகுதியிலிருந்து போகும். மகனுக்கு அது தாராளமாகப் போதும், மீனும் முருகைக்கல்லும் காலுக்குக் கீழே தெரியும். பயணம் நீளமில்லை. காலையில், காற்று எழும்ப முதல் போங்கள். விலையை ஏறுவதற்கு முன்னால் கதைத்து முடியுங்கள். மகளும் மாமியும் கரையில் நிற்கட்டும்.

ஹோட்டலா, கெஸ்ட் ஹவுஸா என்றால், உங்கள் நிலைமைக்கு நான் ஹோட்டல் என்பேன். நான் ஆடம்பரத்துக்காகச் சொல்லவில்லை. மத்தியானம் ஆறு மணித்தியாலம் உள்ளே அடைந்து கிடக்கப்போகிறீர்கள், அதற்குக் குளிரூட்டியும் மின்சாரம் நின்றால் ஜெனரேற்றரும் நிழலுள்ள இடமும் வேண்டும். பதிவு செய்ய முதல் போன் எடுத்து நாலு விடயம் கேளுங்கள். கீழ்மாடி அறை தருவார்களா, ஏனென்றால் மாமியின் முழங்காலும் மகளின் படியேறும் ஆசையும் ஒரே காரணம். அறை வாசலிலிருந்து நீச்சல் குளம் எத்தனை அடி தூரம், இடையில் வேலி இருக்கிறதா. பல ஹோட்டல்களில் அறைக்கதவைத் திறந்தால் நேரே குளம். படத்தில் அழகு, நடக்கப் பழகின பிள்ளைக்கு அதைவிட ஆபத்தான அமைப்பு இல்லை. கடல் இவ்வளவு ஆழம் குறைந்த இடத்தில் நான் பயப்படுவது குளத்துக்குத்தான். பிறகு, நுளம்பு வலை, கேத்தல் இரண்டும் அறையில் உண்டா என்பது. கெஸ்ட் ஹவுஸ் என்றால் ஒரு நன்மை, சமையலறைக்குள் போய் உறைப்பில்லாமல் ஒரு சொதி வைத்துத் தாங்கோ என்று வாய்விட்டுக் கேட்கலாம். மாமி அதைத்தான் விரும்புவார், எனக்குத் தெரியும்.

சாப்பாட்டில் பெரிய கஷ்டம் இராது. இடியப்பமும் பால் சொதியும், பிட்டும் வாழைப்பழமும், வெள்ளைச்சோறும் பருப்பும் எங்கும் கிடைக்கும். பொரித்த அறக்குளாவோ பாரையோ என்றால் முள் குறைவு, மகளுக்குப் பிசைந்து கொடுக்கலாம். சூடை மீன் ருசிதான், ஆனால் சின்னப் பிள்ளைக்கு அந்த முள் வேண்டாம். எங்கள் பக்கத்து இறாலையும் நண்டையும் மகள் இதுவரை சாப்பிட்டதில்லை என்றால் முதல்தரம் இங்கே கொடுத்துப் பார்க்காதீர்கள், லண்டனில் வீட்டில் இருக்கும்போதே கொஞ்சம் கொடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். முட்டித் தயிரை மட்டும் தவறவிடாதீர்கள். மட்டக்களப்பு எருமைத்தயிர், மேலே கொஞ்சம் கித்துள் பாணி. திறந்து வெளியே வைத்திருந்ததை வாங்காமல், மூடிக் கட்டியதை வாங்குங்கள்.

உறைப்பில்லாமல் தாருங்கள் என்று சொன்னால் கடைக்காரர் தலையாட்டிவிட்டு அவருக்கு உறைப்பில்லாததைத் தருவார். மிளகாயே போடாமல் என்று சொல்லுங்கள்.

குடிக்கிற தண்ணீர் எஸ்.எல்.எஸ். என்கிற இலங்கைத் தர முத்திரை உள்ள போத்தலில், அல்லது கொதித்தாறியது. பால்மா கரைக்கவும் பிள்ளைகளின் பல் விளக்கவும் அதே தண்ணீர்தான். ஐஸ் வேண்டாம். செவ்விளநீர் உங்கள் கண்ணெதிரே வெட்டித் தந்தால் நல்லது. பம்பஸ், பால்மா, பிஸ்கட் எல்லாம் வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் வாங்கலாம், பாசிக்குடாவிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். ஆகவே லண்டனிலிருந்து ஒரு பெட்டி நிறையப் பம்பஸ் காவிவராதீர்கள். ஆனால் மகளுக்கு ஒத்துக்கொள்கிற கிரீம், மருந்து ஏதும் இருந்தால் அதைக் கட்டாயம் கொண்டுவாருங்கள்.

இனி நர்ஸம்மா பேசுகிறேன்.

மலேரியாவுக்குப் பயப்படவேண்டாம். இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்துவிட்டது. டெங்குதான் கவலை. அந்த நுளம்பு பகலில் கடிக்கும், விசேடமாகக் காலையிலும் பின்னேரத்திலும், அதாவது உங்கள் பிள்ளைகள் வெளியே விளையாடுகிற அதே நேரத்தில். கையையும் காலையும் மூடுகிற மெல்லிய பருத்தி உடுப்பு, வயதுக்கேற்ற நுளம்புப் பூச்சு, மத்தியான நித்திரைக்கும் வலை. காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும் நிறைக்கேற்ற அளவில் கொடுங்கள். உங்கள் ஊரில் பழக்கமான ஐபுபுரோஃபன் இங்கே வேண்டாம், டெங்கு என்றால் இரத்தக் கசிவுக்கு அது வழிவிடும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் விட்டுப் பார்ப்போம் என்று நிற்காமல் இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் பிள்ளை சோர்ந்து கிடக்கிறது, வயிறு நோகிறது என்கிறது, சத்தி எடுக்கிறது என்றால் அது சுகமாகிற அடையாளம் இல்லை. அந்த நேரம்தான் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டிய நேரம்.

வெயிலில் மகள் வழமையைவிடக் குறைவாகச் சிறுநீர் கழிக்கிறாளா என்று பம்பஸைப் பாருங்கள். ஆறு மணித்தியாலம் காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. எந்தப் பாமசியிலும் ஜீவனி என்கிற உப்புச்சீனிக் கரைசல் தூள் கிடைக்கும், இரண்டு மூன்று பைக்கற் எடுத்து வையுங்கள். பைக்கற்றில் எழுதியிருக்கிற அளவு தண்ணீரில்தான் கரைக்கவேண்டும், சின்னப் பிள்ளைதானே என்று அரைவாசித் தண்ணீரில் கரைப்பது கூடாது.

கடற்கரை நாய்கள். அவை சாதுவானவைதான், ஆனால் உங்கள் மகனுக்கு நாய் என்றால் பார்க்கில் தடவுகிற நாய். இங்கே விசர்நாய்க்கடி நோய் இன்னும் இருக்கிறது. கடித்தாலோ பல்லோ நகமோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். குரங்குக்கும் இதே சட்டம்.

அவசரம் என்றால் 1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். பாசிக்குடாவுக்குக் கிட்ட வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை. பெரிய விடயம் என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. வெளிநாட்டிலிருந்து வருகிற பலர் அரசாங்க ஆஸ்பத்திரியா என்று முகம் சுளிப்பார்கள். டெங்குப் பிள்ளையைப் பார்த்துப் பழகின கைகள் அங்கேதான் அதிகம்.

வருகிற வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழும்பிலிருந்து ரோட்டால் ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். நேரே ஓடினால் ஆறேழு மணித்தியாலம், பிள்ளைகளோடு என்றால் ஒன்பது என்று வையுங்கள். ஆகவேதான் ஹபரணைப் பக்கம் ஓரிரவு. ஆகஸ்டில் மின்னேரியாக் குளத்தைச் சுற்றி யானைக் கூட்டங்கள் சேரும். உங்கள் கணவர் மகனோடு பின்னேரம் ஜீப்பில் போய்ப் பார்த்து வரட்டும், அந்தக் குலுக்கலும் புழுதியும் மகளுக்கு வேண்டாம். மறுநாள் பகலோடு பாசிக்குடா வந்துவிடுங்கள். ஹபரணை, பொலன்னறுவை, மன்னம்பிட்டி ரோட்டில் இருட்டிய பிறகு யானை குறுக்கே நிற்கும், டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் இரவோட்டம் வேண்டாம். பிள்ளைகளுக்கான கார் இருக்கை வாடகை வானில் இருக்காது என்று எண்ணிக்கொள்ளுங்கள், கொண்டுவாருங்கள். ஆட்டோவில் மகளை முன்பக்கம் மடியில் வைத்துக்கொண்டு போகிற பழக்கம் எங்களுக்கு உண்டு, நீங்கள் பழகவேண்டாம்.

திரும்பும்போது மட்டக்களப்பிலிருந்து ரயில் எடுத்தால் என்ன? பகல் ரயில் மெதுவானது, ஆனால் பிள்ளைகள் நடக்கலாம், கழிவறை இருக்கிறது, மகனுக்கு யன்னல். இருக்கை முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன்னரே தொடங்கும், ஆகஸ்டில் உடனே முடிந்துவிடும். ரயில் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று அந்தக் கிழமையில் நிலையத்தில் ஒருதரம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

கடைசி இரவு மட்டக்களப்பு. மகனின் தீவு இங்கே இருக்கிறது. டவுனின் பழைய பகுதியான புளியந்தீவு வாவிக்குள் ஒரு தீவுதான். பாலத்தால் போவதால் யாருக்கும் அது தீவு என்று தோன்றுவதில்லை. நீங்கள் அவனைப் பாலத்தால் கொண்டுபோகாமல், வாவியில் ஒரு படகு பிடித்து, தீவைத் தண்ணீரிலிருந்து காட்டுங்கள். எங்கள் வாவி 56 கிலோமீட்டர் நீளம், கல்முனைப் பக்கம் வரை போகிறது. உள்ளே அலை கிடையாது, கண்டல் காடும் கொக்கும் நீர்க்காகமும். கோட்டையும் தெரியும். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே பீரங்கி இருக்கிறது, ஐந்து வயதுக்கு வேறென்ன வேண்டும். கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், நெடுங்காலம் இயங்கியதும் அந்தக் கோட்டைக்குள்தான் என்பதை மாமிக்குச் சொல்லுங்கள், அவருக்குப் பழைய ஞாபகம் ஏதாவது இருக்கும்.

படகில் போகும்போது கையைத் தண்ணீரில் தொங்கவிடக் கூடாது. வாவியில் முதலை உண்டு. பயமுறுத்தவில்லை, படகுக்குள் இருக்கிறவரை ஒன்றுமில்லை. ஆனால் வாவிக்கரையில் பிள்ளைகளை இறக்கிக் கால் நனைக்க விடுகிற பழக்கம் வேண்டாம்.

வாவிக்குள் மீன் பாடுகிறது என்று சொல்வார்களே, அந்தப் பாடுமீன் சத்தத்தைக் கேட்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிலாக்காலத்தில், இரவு, கல்லடிப் பாலத்துக்குக் கிட்டப் படகை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது வழக்கம். அமைதி வேண்டும், பொறுமை வேண்டும். ஒன்றரை வயதும் ஐந்து வயதும் இருக்கிற படகில் இரண்டும் இராது. 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் புதுப்பாலத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது, அதைக் காட்டிக் கதையைச் சொன்னால் போதும். முகத்துவாரத்தில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு இருக்கிறது. பின்னேரம் அந்தப் பக்கம் நல்ல காற்று, பிள்ளைகள் ஓடித் திரிய இடம் உண்டு. பிறகு கல்லடிக் கடற்கரை, கச்சான் கடலை, அவித்த சோளம், இறால் வடை. குளிக்காமல் மணலில் மட்டும். அங்கே திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் 2004 சுனாமியில் சாய்ந்தது. பக்கத்து நாவலடியில் ஊரே அழிந்தது. மகன் ஏன் சரிந்திருக்கிறது என்று கேட்பான். உண்மையைச் சின்னதாகச் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம், பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள்.

மாமி மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போக ஆசைப்படுகிறார் என்றால், பிள்ளைகள் எழும்ப முதல் அவரை மட்டும் ஆட்டோவில் அனுப்புங்கள் அல்லது கணவரைக் கூட விடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள். கோயில் திருவிழா ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடியும். அது ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ வரும். உங்கள் நாட்கள் அதோடு மோதினால் டவுனில் அறை கிடைப்பது கஷ்டம், ரோட்டில் நகரவும் முடியாது. மாமிக்கு அந்தக் கூட்டம்தான் வேண்டும் என்றால் அது வேறு கதை, அறையை இப்போதே பிடியுங்கள்.

புறாத்தீவை ஏன் விடச் சொன்னேன்? நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான், 2003இலிருந்து தேசியப் பூங்கா, முருகைக்கல்லும் மீனும் பார்க்கச் சரியான இடம். ஆனால் அது நீந்தி, முகமூடி போட்டுப் பார்க்கிறவர்களுக்கான இடம். முகமூடி போட்டு மிதக்கத் தெரியாத பிள்ளைக்கு அங்கே கிடைப்பது சுடுகிற மணலும் காலில் குத்துகிற முருகைக்கல் துண்டும்தான். நிழல் குறைவு. மகனுக்கு எட்டு ஒன்பது வயதாகட்டும்.

அம்பாறைப் பக்கத்தில் பெரிய பிள்ளைகள் உள்ளவர்களுக்கு நான் சொல்கிற இடம் இங்கினியாகலை. சேனாநாயக்க சமுத்திரத்தில் படகில் போய், குளத்துக்குள் இருக்கிற தீவுகளுக்கு யானைகள் நீந்திப் போவதைப் பார்க்கலாம். மூன்று மணித்தியாலம் படகில் உட்காரவேண்டும், ஆகவே உங்களுக்கு இப்போது இல்லை.

உங்கள் கணவரின் அறுகம்பே மிச்சம். ஆகஸ்ட் அங்கே அலைக்காலம், அவர் ஆசைப்படுவதில் பிழை சொல்ல முடியாது. குடும்பமாகப் போய் அவர் அலையில் நிற்க, நீங்கள் இரண்டு பிள்ளைகளையும் மாமியையும் வெயிலில் காவல் காப்பதைத்தான் நான் மறிக்கிறேன். தெற்கு மூலையில், மீன்பிடிப் படகுகள் நிற்கிற பக்கம், அலை தணிந்த இடம் ஒன்று இருக்கிறது. ஆனால் பாசிக்குடாவில் நாலு நாள் இருந்த பிள்ளைக்கு அது புதிதாக ஒன்றும் தராது. அவர் மட்டும் போகட்டும். மட்டக்களப்பிலிருந்து காரில் விடிய வெளிக்கிட்டால் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று கரையோர ரோட்டாலேயே இரண்டு இரண்டரை மணித்தியாலத்தில் போய்விடலாம். புதிதாகப் பழகுகிறவர் என்றால் பேபி பொயின்ற் என்று சொல்லிக் கேட்கட்டும், மெயின் பொயின்ற் பழகினவர்களுக்கு. பகல் முழுக்க நின்றுவிட்டு, இருட்ட முதல் திரும்பிவிடலாம். அதற்கு மட்டக்களப்பில் ஓரிரவுக்குப் பதில் இரண்டு இரவு போடவேண்டும், பாசிக்குடாவில் ஒன்றைக் குறையுங்கள். அந்தப் பகல் முழுக்க நீங்கள் தனியாக இரண்டு பிள்ளைகளோடு நிற்பீர்கள், ஆகவே அன்றைக்குப் படகு, கோட்டை ஒன்றும் வேண்டாம். வரும்போது காத்தான்குடியில் நிறுத்தி மஸ்கட்டும் தொதலும் வாங்கிவரச் சொல்லுங்கள். திகதி முடிவானதும் முதலில் ரயில் இருக்கையைப் போடுங்கள், ஹோட்டல் பிறகு.